நம்ம யூனிட் வண்டி யார் கைக்கு?

பறக்கும் ரயிலை மெட்ரோ எடுத்துக்கொள்ளப் போகிறதாமே. அடுத்து எங்கள் கும்மிடிப்பூண்டி லைனா?
*வாசகர், மீஞ்சூர்*

இப்போதைக்கு இல்லை. பேச்சில் இருப்பது கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் மட்டும்தான். அதைச் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தோடு இணைக்க ரயில்வே வாரியம் 2025இல் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. அது தனிப்பாதை. எக்ஸ்பிரஸ் கிடையாது, சரக்கு வண்டி கிடையாது. வீட்டில் ஒரு போர்ஷனைப் பிரித்துக் கொடுப்பதுபோல் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

உங்கள் லைன் அப்படியா? தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போகிற வண்டிகள் மீஞ்சூர் பிளாட்பாரத்தை உரசிக்கொண்டுதான் போகின்றன. காமராஜர் துறைமுகத்துச் சரக்கு அத்திப்பட்டில் வந்து சேர்கிறது. அந்தத் தண்டவாளத்தை ரயில்வே யாருக்கும் எழுதிக் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. ஆனால் தண்டவாளம் ரயில்வேயிடமே இருக்கட்டும். அதில் ஓடும் ‘யூனிட்’ என்கிற லோக்கல் வண்டியின் நேரத்தையும் கட்டணத்தையும் ஒரு நகரப் போக்குவரத்து அமைப்பு முடிவு செய்யட்டும். இதுதான் என் கட்சி.

மத்திய அரசிடமிருந்து மாநில அரசுக்குப் போனால் பயணிக்கு என்ன லாபம்?
*வாசகர், திருவள்ளூர்*

வண்டி வராவிட்டால் உங்கள் எம்.எல்.ஏ.வின் சட்டையைப் பிடிக்கலாம்.

காலை ஷிப்டுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிறேன். வண்டியை அடிக்கடி நடுவில் போட்டுவிடுகிறார்கள். பத்து நிமிஷம் லேட்டானாலும் கம்பெனியில் அரை நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். யாரைக் குறை சொல்வது?
*ஒப்பந்தத் தொழிலாளி, திருவொற்றியூர்*

உங்களை மட்டும் சொல்ல மாட்டேன், தம்பி.

அத்திப்பட்டைத் தாண்டினால் இருப்பது இரண்டே பாதை. போக ஒன்று, வர ஒன்று. பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால், கண்ட்ரோலில் இருப்பவர் உங்கள் யூனிட்டை லூப் லைனில் ஒதுக்கி அதற்கு வழி விடுகிறார். எக்ஸ்பிரஸை நேரத்துக்கு அனுப்புவது அவருக்குக் கொடுத்த வேலை. அதைத்தான் அவர் செய்கிறார். உங்கள் ஷிப்ட் எத்தனை மணிக்கு என்பது அவர் முன்னால் இருக்கும் எந்தத் தாளிலும் கிடையாது.

காலையில் அந்த வண்டி கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்வதை இந்த லைனுக்குப் பொறுப்பான அதிகாரிகள் ஒரு நாள் பிளாட்பாரத்தில் நின்று பார்க்க வேண்டும். வண்டி நிற்கும் முன்பே வாசலில் தொங்கியவர்கள் குதித்துவிடுகிறார்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, தோளில் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா. மேம்பாலப் படிக்கட்டு இரண்டு நிமிஷத்தில் அடைத்துக்கொள்கிறது. அதனால் ஒரு கூட்டம் தண்டவாளத்தில் இறங்கி, பைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறுகிறது. முன்னால் ஏறிய பெண் பின்னால் வருகிறவளுக்குக் கை கொடுக்கிறாள். வெளியே கம்பெனி பஸ்கள் இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன. வண்டி தாமதமான நாளில் அந்த இடம் காலியாக இருக்கும். ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசைக் கொடுத்துத்தான் போக வேண்டும்.

இதற்கு முழு மருந்து மூன்றாவது, நான்காவது பாதைதான். அது கும்மிடிப்பூண்டி வரை வராமல், லைன் யார் கைக்கு மாறினாலும் உங்கள் யூனிட் லூப்பில் நிற்பது நிற்காது. நிர்வாகத்தை மாற்றுவதற்குக் காட்டும் அக்கறையைச் சல்லிக்கும் ஸ்லீப்பருக்கும் காட்டுங்கள் என்று இரண்டு அரசுகளையும் கேட்கிறேன்.

சம்பள விஷயம் தனி. வேலைக்கு வராத நேரத்துக்கு உரிய விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே சொல்லியிருந்தது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு அரை நாள் என்பது விகிதம் ஆகாது. தனியாகப் போய்க் கேட்காதீர்கள். சேர்ந்து போய்த் தொழிலாளர் துறையில் எழுதிக் கொடுங்கள்.

திருவள்ளூர் லைனில் மட்டும் வண்டி பரவாயில்லையே, ஏன் இந்த ஓரவஞ்சனை?
*வாசகர், பொன்னேரி*

அங்கே திருவள்ளூர் வரை நான்கு பாதை. வஞ்சனை செய்ததில் அந்தக் கூடுதல் இரண்டு தண்டவாளத்துக்கும் பங்கு உண்டு.

திருநின்றவூரில் ஏறி, வேளச்சேரி வரை போகும் நேர் வண்டியில் தரமணியில் இறங்குவேன். பறக்கும் ரயில் மெட்ரோவுக்குப் போய்விட்டால் எங்கள் நேர் வண்டி என்ன ஆகும்?
*வாசகி, திருநின்றவூர்*

அம்மா, இந்த இணைப்பைப் பற்றி வந்த கேள்விகளிலேயே முக்கியமானது உங்களுடையது. திருவான்மியூர்க்காரருக்கும் மயிலாப்பூர்க்காரருக்கும் என்ன கிடைக்கும் என்று எல்லோரும் பேசுகிறார்கள்: புது ரயில், சுத்தமான ஸ்டேஷன், நகரும் படிக்கட்டு. அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி பக்கத்திலிருந்து வண்டி மாறாமல் வேளச்சேரிக்கு வருகிறவர்களை யாரும் வாயில் எடுப்பதில்லை.

ஒத்திகை ஏற்கனவே நடந்துவிட்டது. எழும்பூர்–கடற்கரை நான்காவது பாதை வேலைக்காக, 2023 ஆகஸ்ட் 27 முதல் 2024 அக்டோபர் 29 வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். பதினான்கு மாதம்! அந்தக் காலத்தில் வெயிலில் நடந்தது, பஸ் பிடித்தது, வீட்டுக்கு வந்து சேர இருட்டிப்போனது எல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு சிறு துண்டு அறுந்தாலே அந்தப் பாடு. நேர் வண்டி நிரந்தரமாக நின்றால்?

நிற்க வேண்டிய கட்டாயம் தொழில்நுட்பத்தில் இல்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவின் தண்டவாளம் 1,435 மி.மீ. அகலம். பறக்கும் ரயிலும் நம் புறநகர் லைனும் ஓடுவது 1,676 மி.மீ. அகலப்பாதையில். பறக்கும் ரயிலில் மெட்ரோ வண்டி ஓட முடியாது. உங்கள் யூனிட் ஓட முடியும். மின்சாரமும் அதேதான், மேலே 25,000 வோல்ட். ஆனால் புது நிர்வாகம் சிக்னலை மாற்றி, தானாக மூடும் கதவுள்ள தன்னுடைய வண்டிக்கு மட்டும் ஏற்றபடி ஸ்டேஷனைத் திருத்திவிட்டால், உங்கள் வண்டி கடற்கரையோடு நின்றுவிடும். யாரும் நிறுத்தியதாகவே தெரியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே, நேர் வண்டிகள் தொடரும் என்று ஒரு வரி எழுத்தில் வர வேண்டும். திருவள்ளூர் எம்.பி.யும் ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் எம்.எல்.ஏ.க்களும் இந்த ஒரு வரிக்காக ஒன்றாகப் போய் உட்கார வேண்டும்.

கைமாறினால் கட்டணம் கூடுமா? உள்ளதைச் சொல்லுங்கள்.
*வாசகி, எண்ணூர்*

கூடுகிற வழி திறந்திருக்கிறது. புறநகர் ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் 10 ரூபாய். 2025 ஜூலையில் ரயில்வே கட்டணத்தை ஏற்றியபோதுகூட புறநகர் டிக்கெட்டையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை. தொட்டால் நாடாளுமன்றத்தில் கத்துவார்கள் என்ற பயம் இருக்கிறது. மெட்ரோக்களில் அந்தப் பயம் குறைவு. 2002ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் சட்டப்படி ஒரு குழு கட்டணத்தைப் பரிந்துரைக்கும். அதற்கு நிர்வாகம் கட்டுப்பட வேண்டும். பெங்களூரில் 2025 பிப்ரவரியில் அப்படித்தான் 60 ரூபாயாக இருந்த உச்சக் கட்டணம் ஒரே இரவில் 90 ஆனது. அந்த ஊர் அரசியல்வாதிகள் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள்.

ரயில்வே தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். லோக்கலில் இன்னும் மோசம். இந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது? மாநில அரசுதான் என்று சொல்லத் தயக்கம் வேண்டாம். 2021 மே மாதம் முதல் பெண்களைச் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லாமல் ஏற்றிச் செல்லும் அரசு, எண்ணூரில் மீன் கூடையோடு ஏறுகிற பெண்ணின் சீசன் டிக்கெட்டையும் தாங்கலாம். பஸ்ஸில் போனால் அரசின் பொறுப்பு, ரயிலில் போனால் அவள் பொறுப்பா?

வெளிநாட்டில் இப்படி ஒரு நகரம் ரயில்வேயிடமிருந்து லைனை வாங்கி நடத்தியிருக்கிறதா?
*கல்லூரி மாணவர், பட்டாபிராம்*

லண்டன். அங்கே நகரத்தைச் சுற்றி ஓடிய சில புறநகர் லைன்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. ஸ்டேஷனில் ஆள் இல்லை, விளக்கு இல்லை, இரவில் இறங்கப் பயம். 2007 நவம்பரில் நகரப் போக்குவரத்து அமைப்பு அவற்றை எடுத்து, 'லண்டன் ஓவர்கிரவுண்ட்' என்று பெயர் வைத்தது. தண்டவாளம் தேசிய ரயில் அமைப்பிடமே இருந்தது. வண்டியை ஓட்டியதும் ஓர் ஒப்பந்த நிறுவனம்தான். நகர அமைப்பு தன் கையில் வைத்துக்கொண்டது கட்டணம், நேர அட்டவணை, சேவைத் தரம் ஆகியவற்றை. ஸ்டேஷனுக்கு ஆள் போட்டது. பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் உள்ள அதே அட்டையை இங்கேயும் செல்லவைத்தது. கூட்டம் பல மடங்கு பெருகியது. 2015 மே மாத இறுதியில் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து வடகிழக்கே போகும் லைன்களும் வந்து சேர்ந்தன.

நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று: அந்த லைன்களில் ஒன்றான வடக்கு லண்டன் பாதை இன்றும் பெரிய சரக்குப் பாதை. கண்டெய்னர் வண்டிகளோடு பங்கு போட்டுக்கொண்டுதான் லோக்கல் ஓடுகிறது. சரக்கு ஓடுகிற பாதையில் நகர அமைப்பு லோக்கல் நடத்த முடியாது என்று இங்கே யாராவது சொன்னால் அதைக் காட்டுங்கள்.

எல்லாம் கேட்டபடி கிடைக்கவும் இல்லை. தெற்கு லண்டன் லைன்களையும் கேட்டார்கள். 2016 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சர் மறுத்துவிட்டார். அதிகாரத்தை விட்டுக்கொடுக்கத் தயங்குவதில் தில்லியும் லண்டனும் ஒரே ஜாதகம்.

எங்கள் ஊர் வழியாகப் போவது தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை என்கிறார்கள். உண்மையா?
*பள்ளி ஆசிரியர், கடம்பத்தூர்*

உண்மை, ஐயா. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய வண்டி உங்கள் ஊர் வழியாகத்தான் போனது. மாணவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: இந்தப் பாதை கைமாறுவது புதிதே இல்லை. முதலில் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. 1908இல் மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே. 1944இல் அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 முதல் தெற்கு ரயில்வே. 1979இல் இந்தப் பாதையிலும் கும்மிடிப்பூண்டிப் பாதையிலும் மின்சார வண்டி வந்தது. இத்தனை முறை கைமாறியும் ஒரு தடவைகூட டிக்கெட் வாங்கியவனை யாரும் கேட்கவில்லை. இந்த முறையாவது கேட்கட்டும்.

'கும்டா' என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்கிறது?
*வாசகர், ஆவடி*

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். பஸ், மெட்ரோ, ரயில் மூன்றையும் ஒரே மேஜையில் உட்காரவைக்கப் பிறந்தது. சட்டம் வந்தது 2010இல். முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பள்ளியில் சேர்ந்த பிள்ளை ப்ளஸ் டூ முடித்து, வேலை தேடி இதே வண்டியில் ஏறியிருக்கும்.

இப்போது வேலை நடக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். 2025 செப்டம்பர் 22 அன்று வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். நல்ல ஆரம்பம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் யூனிட் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை வண்டி ஓட வேண்டும் என்று சொல்ல கும்டாவுக்கு அதிகாரம் கிடையாது. ரயில்வே அரசியல் சட்டப்படி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. கும்டா கேட்கலாம், ரயில்வே கேட்டுக்கொள்ளலாம், கேட்காமலும் இருக்கலாம்.

மும்பையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1999இல் ரயில்வே அமைச்சகம் 51, மகாராஷ்டிர அரசு 49 என்று பங்கு போட்டு ஒரு கார்ப்பரேஷன் அமைத்தார்கள். லோக்கலுக்கென்று தனிப்பாதை, புது வண்டி என்று பணம் போட அது உதவியது. பணம் போட்டவருக்குப் பேச்சில் இடம் கிடைக்கும். சென்னைப் பெருநகர எல்லையை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து, திருவள்ளூரையும் கும்மிடிப்பூண்டியையும் வரைபடத்துக்குள் கொண்டுவந்தாகிவிட்டது. வரைபடத்தில் சேர்த்தவர்கள் வண்டிக்கும் பங்கு போட வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மும்பை மாதிரி ஒரு கூட்டு நிறுவனம் என்பதுதான் நடக்கக்கூடிய காரியம் என்று நான் நம்புகிறேன்.

நாங்கள் தடா, சூளூர்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வருகிறோம். தமிழ்நாடு எடுத்தால் எங்களைப் பாதியில் இறக்கிவிடுமா?
*வாசகர், தடா*

அப்படி நடக்க விடக் கூடாது. ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷனே ஆந்திரா. மாநில எல்லை காகிதத்தில் இருக்கிறது. காலையில் இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களும், இங்கிருந்து ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களும் ஒரே லைனைத்தான் நம்பியிருக்கிறார்கள். ரயில்வே நடத்துவதில் உள்ள பெரிய நன்மை இதுதான்: அது எல்லை பார்ப்பதில்லை. புது ஏற்பாடு எதுவானாலும் சூளூர்பேட்டை வரையிலான சேவையைச் சேர்த்தே எழுத வேண்டும். ரயில்வே கூட்டாளியாக உள்ளே இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவரப்பேட்டை விபத்து, திருவள்ளூர் தீ விபத்து… இவையெல்லாம் நிர்வாகம் மாறினால் குறையுமா?
*வாசகர், கவரப்பேட்டை*

அதைச் சொல்லி ஓட்டுக் கேட்பவரை நம்பாதீர்கள். 2024 அக்டோபர் 11 அன்று பாக்மதி எக்ஸ்பிரஸ் உங்கள் ஊர் லூப் லைனில் நின்ற சரக்கு வண்டியில் மோதியது. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே டீசல் வேகன்கள் தடம்புரண்டு எரிந்தன. பாதுகாப்பு என்பது தண்டவாளத்தையும் சிக்னலையும் பராமரிப்பவர் பொறுப்பு. அது ரயில்வேயிடம்தான் இருக்கும். நகர அமைப்பு செய்யக்கூடியது வேறு. பாதை அடைபட்ட அன்று பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் நடுவழியில் நிற்கும்போது, ஒரு மணி நேரத்துக்குள் மாநகரப் பேருந்துகளை அங்கே திருப்பி, ரயில் டிக்கெட்டையே செல்லவைப்பது. ரயிலும் பஸ்ஸும் ஒரே கையில் இருந்தால் அது ஒரு போன் வேலை.

தாம்பரம் பக்கம் ஏ.சி. யூனிட் ஓடுகிறது. எங்களுக்கு எப்போது?
*வாசகி, அம்பத்தூர்*

2025 ஏப்ரலில் அங்கே வந்தபோது குறைந்த கட்டணமே 35 ரூபாய். எனக்கு முதலில் வேண்டியது, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடித்து வரும் நீங்கள் இரவில் ஏற இன்னும் இரண்டு சாதாரண வண்டி. ஏ.சி. பிறகு வரட்டும்.

கோயம்பேடு–பட்டாபிராம் மெட்ரோ வருகிறதே, அதைத் திருவள்ளூர் வரை நீட்டினால் என்ன?
*வாசகர், வேப்பம்பட்டு*

சுமார் 22 கிலோமீட்டருக்கே பத்தாயிரம் கோடியை ஒட்டிய திட்டம் அது. உங்கள் ஊரில் நான்கு தண்டவாளம் தயாராகக் கிடக்கிறது. கூடுதலாக வண்டி விட அந்தப் பணத்தில் ஒரு சிறு துண்டு போதும். பட்டாபிராமில் மெட்ரோவும் ரயிலும் ஒரே கூரையின் கீழ், ஒரே டிக்கெட்டில் சந்திக்கும்படி கட்டச் சொல்லுங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகருக்கு மெட்ரோ வந்தது. ரயில் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கும்மிடிப்பூண்டி வண்டியில் இறங்கி மெட்ரோவுக்கு மாறுகிறவருக்கு இன்றும் அவை இரண்டு வெவ்வேறு ஊர். அந்தப் பாடம் பட்டாபிராமில் வேண்டாம்.

நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனில் கழிப்பறை பூட்டியிருக்கிறது. லேடீஸ் பெட்டி நிற்கிற இடத்தில் விளக்கு எரிவதில்லை. யார் வந்தால் இது மாறும்?
*வாசகி, பொன்னேரி*

இதற்கு யாரும் வர வேண்டியதில்லை, தங்கச்சி. ஒரு சாவியும் ஒரு பல்பும் மத்திய–மாநில ஒப்பந்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது. ரயில்வே உதவி எண் 139க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களோடு வருகிற பத்துப் பேரையும் செய்யச் சொல்லுங்கள். லண்டன்காரர்கள் முதலில் ஸ்டேஷனுக்கு ஆள் போட்டார்கள் என்று மேலே சொன்னேனே, அது உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான். நம் ஊர்ப் பேச்சுவார்த்தை மேஜையில் முதல் கோரிக்கையாக இதை வைக்க வேண்டும்: கடைசி வண்டி போகும்வரை, முதல் வண்டி வரும்போதே, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு ஆள்.

இதெல்லாம் எழுதி என்ன ஆகும்? மறியல் செய்தால்தானே திரும்பிப் பார்க்கிறார்கள்?
*வாசகர், கும்மிடிப்பூண்டி*

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறியலில் நிற்பது பின்னால் வரும் வண்டி. அதில் இருப்பதும் உங்களைப் போல ஷிப்டுக்குப் போகிறவர்தான்.

வேறு ஒன்று செய்யுங்கள். சிப்காட்டில் இருக்கும் கம்பெனிகளின் ஷிப்ட் நேரங்களை வாங்கிப் பட்டியல் போடுங்கள். ஏ ஷிப்டுக்கு எத்தனை பேர் ரயிலில் வருகிறார்கள், எந்த ஸ்டேஷனில் ஏறுகிறார்கள், நைட் முடிந்து எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று சங்கங்களும் மேலாளர்களும் சேர்ந்தே எழுதலாம். ஆள் நேரத்துக்கு வந்தால் கம்பெனிக்கும் லாபம். தேர்வாய்க்கண்டிகை பக்கமும் காக்களூர் எஸ்டேட்டிலும் இதையே செய்யட்டும். ஒரு பிரதியைச் சென்னைக் கோட்ட ரயில் மேலாளருக்கும், ஒன்றைக் கும்டாவுக்கும், ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். ரயில் பயன்படுத்துவோர் ஆலோசனைக் குழு என்று கோட்டத்துக்கு ஒன்று, மண்டலத்துக்கு ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் பகுதிக்காரர் யார் என்று விசாரித்து அவர் கையிலும் கொடுங்கள். அடுத்த கால அட்டவணை தயாராகும் முன்பே கொடுத்துவிடுங்கள். பட்டியலின் ஒரு நகல் எனக்கும் வரட்டும்; இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.